நயம் பாராட்டுக... நாலு மார்க்குக்கு!

பிளஸ் டூ தமிழ்ப் புத்தகம் எங்கேயோ போய்விட்டது. வினாத்தாள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

ஜனவரி கடைசி வாரம். காலை இரண்டாவது பீரியட். நகுலனின் குட்டிக் கவிதை ஒன்றைக் கரும்பலகையில் எழுதி முடித்துவிட்டுத் திரும்புகிறார் தமிழையா. வகுப்பு அதைப் படித்துவிட்டு, இன்னும் ஏதோ வரி பாக்கி இருக்கிறது என்று பலகையையே பார்க்கிறது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அவ்வளவுதானாய்யா? இதுல என்னய்யா சொல்ல வர்றாரு?"

ஐயாவுக்கு முகம் மலர்ந்துவிடுகிறது. வருஷம் முழுக்கக் கத்தினாலும் இப்படி ஒரு கேள்வி ஒன்றோ இரண்டோதான் வரும். "நான் சொல்றது இருக்கட்டும். உனக்கு என்ன தோணுது, எந்திரிச்சுச் சொல்லு." அவன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் வாசலில் கெமிஸ்ட்ரி டீச்சர். "ஐயா, ரிவிஷன் டெஸ்ட் வருது. இன்னும் ரெண்டு பாடம் பாக்கி. இந்த ஒரு பீரியட் மட்டும் குடுத்தீங்கன்னா..."

கொடுத்துவிடுகிறார். கொடுக்காமல் என்ன செய்வார்? அரைகுறையாக அழிந்த நகுலன் மேலேயே பென்சீன் வளையம் ஏறுகிறது. எழுந்து நின்றவன் உட்கார்ந்துவிடுகிறான்.

ஊர் மாறலாம், பள்ளி மாறலாம். தமிழ்நாட்டில் பிளஸ் டூ படித்த யாரும் இந்தக் காட்சியைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். பி.டி. பீரியடுக்கு அடுத்தபடியாகக் கேட்டவுடன் கிடைக்கும் பீரியட் தமிழ்தான். பள்ளிப் படிப்பின் கடைசி வருஷத்தில் இலக்கியமும் எழுத்தும் எந்த அழகில் கற்பிக்கப்படுகின்றன என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். விளைவுகளைத்தான் பேச வேண்டும்.

புத்தகத்தைக் குறை சொல்ல முடியாது

பத்தாண்டுகளுக்கு முன் பிளஸ் டூ முடித்தவர்கள் இப்போதைய 'பொதுத்தமிழ்' புத்தகத்தைக் கையில் எடுத்தால் பொறாமைப்படுவார்கள். பேராசிரியர் மு.அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் கலைத்திட்டப்படி உருவாகி, 2019-இல் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்த புத்தகம் இது. மொத்தம் எட்டு இயல்கள்.

நெடுநல்வாடை, கம்பராமாயணம், சிலப்பதிகாரம், தேவாரம் எல்லாம் வழக்கம்போல இருக்கின்றன. அவற்றோடு தோளுரசிக்கொண்டு யார் யார் வந்திருக்கிறார்கள் என்பதுதான் சுவாரஸ்யம். திருவனந்தபுரத்தில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டு தமிழில் எழுதிய நகுலன், சி.மணி, சுகந்தி சுப்பிரமணியன், ஈழத்துத் தமிழ்நதி. அண்ணன் தம்பி பிணக்கையும் அடகில் போன நிலத்தையும் சொல்லும் பூமணியின் 'உரிமைத்தாகம்'. மூழ்கும் வயலைக் காப்பாற்ற ஊரே கைவிட்ட வடிகாலைத் தேடிப் போகிறவனைப் பற்றிய உத்தம சோழனின் 'முதல்கல்'. தோப்பில் முகமது மீரானின் 'தலைக்குளம்' (புத்தகம் வந்த அதே 2019-இல், மே மாதம், அவர் காலமானார்). தேயிலைத் தோட்டப் பாட்டு உண்டு. சினிமாவின் மொழியைச் சொல்லிக்கொடுக்கும் பாடம் உண்டு. சிவாஜி கணேசனைப் பற்றி மலையாளக் கவிஞர் பாலச்சந்திரன் சுள்ளிக்காடு எழுதியதும் உண்டு. பதினேழு வயசுக்கு இதைவிட நல்ல விருந்து வைக்க முடியாது.

நான்காம் இயலில் 'பா இயற்றப் பழகலாம்' என்று ஓர் இலக்கணப் பாடம் இருக்கிறது. பெயரைப் பாருங்கள். யாப்பைச் சும்மா படித்துவிட்டுப் போகாதே, நீயே ஒரு வெண்பா கட்டிப் பார் என்கிறது. ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொன்ன மரபின் மிச்சம் அது. நடைமுறையில் மாணவன் அந்தப் பாடத்திலிருந்து எதைத் தயார் செய்கிறான்? வெண்பாவின் இலக்கணத்தையும் சீர் தளை வாய்பாட்டையும். ஒரு வெண்பா கட்டிப் பார்த்துவிட்டுப் பரீட்சைக்குப் போனவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

புக் பேக், இன்டீரியர்

பிளஸ் டூ வகுப்புகளில் ஒரு தனி மொழி புழங்குகிறது. பாடத்தின் பின்னால் அச்சிட்டிருக்கும் கேள்வி 'புக் பேக்'. உள்ளேயிருந்து எடுத்தால் 'இன்டீரியர்'. புக் பேக் வந்தால் வினாத்தாள் 'ஈஸி'. இன்டீரியர் கூடினால் மறுநாள் செய்தித்தாளில் 'தமிழ்த் தேர்வு கடினம், மாணவர்கள் கலக்கம்'. பாடத்தைப் படித்தவனுக்கு உள்ளேயிருந்து கேட்டால் என்ன, பின்னாலிருந்து கேட்டால் என்ன என்று யாரும் கேட்பதில்லை. பாடத்தைப் படிப்பது என்ற காரியமே வழக்கொழிந்து வருவதால் அந்தக் கேள்வி எழவில்லை.

ஒவ்வொரு பாட முடிவிலும் 'கற்பவை கற்றபின்' என்று சில வேலைகள் கொடுத்திருக்கிறார்கள். விசாரித்து எழுது, கலந்து பேசு, சொந்தமாக ஒன்றைப் படை என்று சொல்கிற இடம் அது. மார்க் இல்லாத பகுதி. பெரும்பாலான வகுப்புகளில் அந்தப் பக்கம் கசங்காமல் புதுசாகவே இருக்கிறது.

> 35 எடுக்கும் கணக்கு
>
> பிளஸ் டூ தமிழுக்கு எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண், அகமதிப்பீடு 10. எழுத்துத் தேர்வின் பங்கீடு: பலவுள் தெரிக 14, இரண்டு மதிப்பெண் வினாக்கள் 24, நான்கு மதிப்பெண் வினாக்கள் 28, ஆறு மதிப்பெண் நெடுவினாக்கள் 18, அடிமாறாமல் எழுதும் மனப்பாடப் பகுதி 6.
>
> 'மெல்லக் கற்போர்' என்று பிரிக்கப்பட்டவர்களுக்கு இந்தப் பட்டியல்தான் வேதம். ஒரு மதிப்பெண் வினா 14, மனப்பாடம் 6, மூன்று குறுவினா 6. ஆக 26. அகமதிப்பீட்டின் 10-ஐக் கூட்டினால் 36. தேர்ச்சி. சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதத் தேவையில்லாத தேர்ச்சி.

காணாமல் போன இரண்டாம் தாள்

பழைய பி.யு.சி.யை எடுத்துவிட்டு மேல்நிலைக் கல்வியைத் தமிழ்நாடு 1978-இல் தொடங்கியது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980-இல் நடந்தது. அன்றிலிருந்து நெடுங்காலம் தமிழுக்கு இரண்டு தாள்கள். செய்யுள், இலக்கணம் எல்லாம் முதல் தாளில். துணைப்பாடக் கதை, பொதுக்கட்டுரை, மொழிபெயர்ப்பு, நயம் பாராட்டுதல் எல்லாம் இரண்டாம் தாளில். இரண்டாம் தாளுக்கென்று ஒரு முழு நாள், ஒரு முழு விடைத்தாள் இருந்தது.

2018-19-இல் மொத்த மதிப்பெண் 1200-லிருந்து 600 ஆனது. இரண்டு தாள்கள் ஒன்றாயின. மாணவர்களின் சுமை குறைந்தது உண்மை. அதை வரவேற்காதவர்கள் இல்லை. ஆனால் சுமை குறைக்கும்போது எதை இறக்கிவைத்தோம் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாடப்பகுதிகள் அப்படியே நின்றன. எழுதிப் பழகும் இடம்தான் சுருங்கியது. இன்று ஆறு மதிப்பெண் வினாக்களில் பெரும்பகுதி பாடப்பொருளைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறது.

பழைய இரண்டாம் தாள் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அப்போதும் பொதுக்கட்டுரையை நோட்ஸிலிருந்து உருப்போட்டுத்தான் எழுதினார்கள். கோனார் உரை இல்லாத தமிழ்நாட்டு வீடு ஏது? ஆனாலும் தலைப்பு மாறி வந்துவிட்டால் கைச்சரக்கை எடுத்துவிட வேண்டிய ஒரு நிர்ப்பந்தம் அன்றைக்கு இருந்தது.

மோனைக்கு ஒரு பானை

விடைத்தாளில் நயம் பாராட்டும் பக்கத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். கேள்வி இதுதான்: கொடுத்திருக்கும் பாடலின் மையக் கருத்தை எழுதி, ஏதேனும் மூன்று நயங்களை விளக்குக.

மாணவன் பாடலை ஒருமுறை மேலோட்டமாகப் பார்க்கிறான். பார்ப்பது பொருளுக்காக அல்ல. அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றிவருகிறதா? எதுகை கிடைத்தது. சீர்தோறும் முதலெழுத்து? மோனையும் கிடைத்தது. உடனே கறுப்பு மையில் 'மோனை நயம்' என்று தலைப்பிட்டு, அடிக்கோடிட்டு, மோனைக்கும் பானைக்கும் முடிச்சுப் போடும் அந்த வரியை எழுதுகிறான். தமிழ்நாட்டில் இந்த வரி தெரியாமல் யாரும் பள்ளியை விட்டு வெளியே வந்ததில்லை. எதுகைக்கு மதுரையின் வைகை வரும். அணிக்கும் சந்தத்துக்கும் இதே மாதிரி ஆளுக்கொரு வரி. கடைசியில், கற்பனை நயமும் ஓசை நயமும் மிக்க பாடல் இது என்று ஒரு கும்பிடு.

அந்தப் பாடல் மழையைப் பற்றியதாக இருக்கலாம், சாவைப் பற்றியதாக இருக்கலாம். விடை ஒன்றேதான். பாடலைத் தூக்கிவிட்டு வேறொரு பாடலை அங்கே வைத்தால் இரண்டு எடுத்துக்காட்டுச் சொற்களை மட்டும் மாற்றினால் போதும். எதுகை மோனையே இல்லாத நகுலனையும் சி.மணியையும் பாடமாக வைத்துவிட்டு, கவிதையை ரசிக்கத் தெரிகிறதா என்று எதுகை மோனையைத் தேடச் சொல்லிச் சோதிக்கிறோம்!

நெடுவினாவுக்கும் இதே கதைதான். முன்னுரை, நாலு உட்தலைப்பு, முடிவுரை. முன்னுரையில் 'இக்கட்டுரையில் காண்போம்' என்பான். முடிவுரையில் 'இதன்மூலம் அறியலாம்' என்பான். நடுவில் காண்பதற்கும் அறிவதற்கும் என்ன இருந்தது என்பது அவனுக்கும் தெரியாது, திருத்துகிறவருக்கும் பார்க்க நேரமில்லை. எனக்குத் தெரிந்த ஒரு தமிழாசிரியர் உட்தலைப்பு இல்லாத கட்டுரை ஒன்றைத் திருத்தும் மையத்தில் பார்த்திருக்கிறார். பாட்டியின் வீட்டைப் பற்றி எழுதியிருந்தானாம் பையன். நன்றாகவே எழுதியிருந்தானாம். விடைக்குறிப்பில் அதற்கு இடம் எது என்று தேடி, கடைசியில் பாதி மதிப்பெண் போட்டதாகச் சொன்னார். அவரைத் திட்டிப் பயனில்லை. விடைத்தாள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு என்று வரிசையாகக் காத்திருக்கும்போது குறிப்பை விட்டு விலக யாருக்குத் துணிச்சல் வரும்?

50 ஆயிரம் பேர் எங்கே போனார்கள்?

2023 மார்ச் 13. பிளஸ் டூ பொதுத்தேர்வின் முதல் நாள், தமிழ் உள்ளிட்ட மொழிப்பாடத் தேர்வு. சுமார் எட்டரை லட்சம் பேர் எழுதவேண்டிய தேர்வுக்கு 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவில்லை. 'தாய்மொழித் தேர்வுக்கே இத்தனை பேர் ஆப்சென்டா?' என்று மாநிலமே அதிர்ந்தது. டி.வி. விவாதங்களில் தமிழ் அழிகிறது என்று மேசையைத் தட்டினார்கள்.

தட்டியவர்கள் அடுத்த தேர்வின் எண்ணிக்கையைப் பார்த்திருக்கலாம். ஆங்கிலத்துக்கும் ஏறக்குறைய அதே அளவில்தான் ஆள் வரவில்லை. அந்த வருஷம் எழுதியது கொரோனா காலத்துப் பிள்ளைகள். 2021-இல் பத்தாம் வகுப்பைத் தேர்வே இல்லாமல் தாண்டியவர்கள். பிளஸ் ஒன்னில் பெயரைச் சேர்த்துவிட்டு வேலைக்குப் போனவர்கள் பலர். பெயர் மட்டும் பள்ளிப் பட்டியலில் தங்கிவிட்டது. அட்டவணையில் முதல் நாள் மொழிப்பாடம் என்பதால் படிப்பை விட்டவர்களின் கணக்கு தமிழின் தலையில் விழுந்தது. தமிழைக் கண்டு பயந்து ஓடினார்கள் என்பது தவறான வாசிப்பு. தமிழைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. பயப்படும் அளவுக்குக்கூட அதை மதிப்பதில்லை. அதுதான் இன்னும் கவலைக்குரியது.

எங்கேயும் கூட்டப்படாத மதிப்பெண்

பொறியியல் கட்-ஆஃப் 200-க்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மருத்துவத்துக்கு 2017 முதல் நீட். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் மொழிப்பாடங்களைத் தள்ளிவிட்டு மற்ற நான்கு பாடங்களின் 400-ஐத்தான் தரவரிசைக்கு எடுக்கிறார்கள். தமிழ் மதிப்பெண் கணக்கில் வருவது பி.ஏ., பி.லிட். தமிழ் சேர்கிறவர்களுக்கு மட்டும்தான். ஆக, ஒரு மாணவன் தமிழில் 95 எடுத்தாலும் 55 எடுத்தாலும் அவன் போகும் கல்லூரி மாறாது. பதினேழு வயசுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். அவனைப் பெற்றவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

இன்னொரு வாசலும் திறந்தே இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பிளஸ் ஒன்னில் பிரெஞ்சோ சமஸ்கிருதமோ எடுத்துக்கொள்ளலாம். மொழி ஆர்வத்தில் எடுக்கிறவர்களை வாழ்த்துவோம். ஆனால் ஒருவன் சிலப்பதிகாரத்துக்குப் பொருள் எழுத, பக்கத்து பெஞ்சுக்காரன் புது மொழியை அரிச்சுவடியிலிருந்து தொடங்க, இரண்டு பேருடைய மதிப்பெண்ணும் அதே 600-இல் கூட்டப்படுவது என்ன நியாயம்?

பக்கத்திலேயே ஒரு மாற்று இருக்கிறது. இலங்கையில் உயர்தரக் கலைப்பிரிவு மாணவர்கள் தமிழை மூன்று பாடங்களில் ஒன்றாக எடுத்துப் படிக்கலாம். அந்தப் பெறுபேறு இசட் புள்ளியில் சேர்ந்து, பல்கலைக்கழக இடத்தையே தீர்மானிக்கிறது. நம்மிடமும் 'சிறப்புத் தமிழ்' என்று விருப்பப் பாடம் ஒன்று இருக்கிறது, அதற்கெனத் தனிப் புத்தகமே இருக்கிறது. அதை நடத்தும் பள்ளிகள் மிகச் சில. அப்படி ஒன்று இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாது.

> சென்டம் பெருகுது!
>
> பிளஸ் டூ தமிழில் நூற்றுக்கு நூறு எடுத்தவர்கள்: 2023-இல் 2 பேர், 2024-இல் 35 பேர், 2025-இல் 135 பேர். எடுத்த பிள்ளைகளின் உழைப்புக்கு ஒரு சபாஷ். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம்: ஒரு கவிதையைப் பற்றிய கருத்துக்கு முழு மதிப்பெண் என்றால், அதற்கு மேல் அந்தக் கவிதையில் சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தமா?
>
> பிளஸ் ஒன் மாணவர்களுக்குத் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு 2022 முதல் நடக்கிறது. தேர்வாகும் 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் உதவித்தொகை. பாதி இடம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. நல்ல திட்டம். அதிலும் கொள்குறி வினாக்கள்தான்.

இருபத்தைந்து வயதில் மறுபடியும் பள்ளிப் புத்தகம்

சென்னை கோட்டூர்புரத்தின் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ, 2023-இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கோ ஒரு வேலை நாளில் போய்ப் பாருங்கள். பட்டம் வாங்கிய இளைஞர்கள், கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்த பெண்கள், பள்ளிக்கூடத் தமிழ்ப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு ஹைலைட்டரால் கோடு இழுத்துக்கொண்டிருப்பார்கள். எல்லாம் டி.என்.பி.எஸ்.சி. தயாரிப்பு.

அரசு வேலைக்கான தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம் என்று 2021 டிசம்பரில் அரசாணை வந்தது. 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். குரூப் 4 தேர்வில் 200 வினாக்களில் 100 தமிழ். 2022-இல் அந்தத் தேர்வுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். ஆக, பதினேழு வயதில் ஒரு பைசாவுக்குப் பெறாத தமிழ், இருபத்தைந்தில் சோறு போடும் தமிழாகிவிடுகிறது. வேடிக்கைதான். இடைப்பட்ட எட்டு வருஷத்தில் அவர்கள் ஒரு தமிழ்ப் புத்தகமாவது விரும்பிப் படித்திருப்பார்களா என்பதுதான் கேட்கச் சங்கடமான கேள்வி.

கொள்குறி வினாவரை எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். மூச்சுத் திணறுவது எழுதச் சொல்லும்போதுதான். குரூப் 1 முதன்மைத் தேர்வின் தமிழ்த் தாளில் மொழிபெயர்க்க வேண்டும், சுருக்கி வரைய வேண்டும், கடிதமும் கட்டுரையும் எழுத வேண்டும். பள்ளியில் காசில்லாமல் கிடைத்திருக்க வேண்டிய பயிற்சிக்கு இப்போது கோச்சிங் சென்டரில் பணம் கட்டுகிறார்கள். அங்கேயும் என்ன தருகிறார்கள்? தயாரித்த முன்னுரை, தயாரித்த முடிவுரை.

அரசு வேலை பக்கமே போகாதவர்களுக்கும் இது வந்து இடிக்கிறது. கணிப்பொறி நிறுவனத்தில் பத்து வருஷம் வேலை பார்த்தவர், ஊரில் அப்பாவின் நிலத் தகராறுக்கு வட்டாட்சியருக்கு ஒரு மனு எழுத உட்கார்ந்தால் கை வராது. கடைசியில் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரிடம்தான் போய் நிற்க வேண்டும். நடந்ததை நடந்த வரிசையில் எழுதி, இன்னது வேண்டும் என்று கேட்பதற்குப் பன்னிரண்டு வருஷத் தமிழ்ப் படிப்பு போதவில்லை.

யார் திருத்துவது?

பாடநூலில் இல்லாத ஒரு தலைப்பைக் கொடுத்து, சொந்தமாக ஒரு பக்கம் எழுதச் சொல்லி, பத்து மதிப்பெண் ஒதுக்கினால் என்ன? தமிழாசிரியர்களிடம் கேட்டால் ஆசையோடு தலையாட்டுவார்கள்; அடுத்த நிமிஷமே கைவிரிப்பார்கள். லட்சக்கணக்கான விடைத்தாள்கள், சில வாரக் கெடு, காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. ஒருவர் எட்டு போடும் கட்டுரைக்கு இன்னொருவர் நாலு போட்டால் நீதிமன்றம்வரை போவார்கள். தடை நியாயமானதுதான். ஆனால் நாலு பேர் சேர்ந்து அளவுகோல் வகுத்துக்கொள்ள முடியாத அளவுக்கு மலைப்பான வேலையும் இல்லை. உலகெங்கும் பள்ளியிறுதித் தேர்வுகளில் கட்டுரை எழுதச் சொல்கிறார்கள், திருத்தவும் செய்கிறார்கள்.

மாநிலக் கல்விக் கொள்கையின்படி 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. பரீட்சை பயமில்லாமல் படிக்கவும் எழுதவும் ஒரு வருஷம் கிடைத்திருக்கிறது என்று சந்தோஷப்படலாம். ஆனால் பிளஸ் ஒன் பாடத்தைக் கைகழுவிவிட்டுச் சில பள்ளிகள் முதல் வருஷமே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கியதைத் தடுக்கத்தான் 2017-18-இல் அந்தப் பொதுத்தேர்வே வந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

வினாத்தாள் எப்போது மாறுமோ, அது கோட்டையில் இருப்பவர்கள் கையில். பள்ளியின் கையில் ஏற்கெனவே பத்து மதிப்பெண் இருக்கிறது, அகமதிப்பீடு. வருகைப் பதிவு, உள்தேர்வு, ஒப்படைவு, இணைச் செயல்பாடு என்று அதற்குப் பிரிவுகள் உண்டு. நடைமுறையில் எல்லாருக்கும் பத்துக்குப் பத்து. ஒப்படைவு என்றால் பாடப்பகுதியைப் பார்த்து எழுதி, ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் பூ வரைந்து, ஸ்டிக் ஃபைலில் செருகிக் கொடுப்பது. அதற்குப் பதிலாக மாதம் ஒரு பக்கம், அவரவர் ஊரைப் பற்றி, உட்தலைப்பு இல்லாமல், 'இக்கட்டுரையில் காண்போம்' இல்லாமல் எழுதி வாங்கலாம். அதற்கு அரசாணை தேவையில்லை.